லிண்டலோடு நின்ற வீடும், ஐந்து ஆண்டு கழித்து வந்த நோட்டீசும்

கடிதம் எழுதியிருப்பவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் வீடு கட்டியவர். 2020 ஜனவரியில் ஒரு மேஸ்திரியோடு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்: 1,100 சதுர அடி, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 1,700 ரூபாய், எட்டு மாதத்தில் சாவி. மார்ச் மாதம் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு, ஜன்னலின் மேல்விளிம்புக்கு வந்தபோது கொரோனா பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 20 முதல் கிராமப்புறங்களில் கட்டட வேலைக்கு அனுமதி என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, உள்ளூர்க் கொத்தனார் இருவரை இவரே அழைத்து வேலையைத் தொடங்கினார். ஒரு வாரத்தில் போலீஸ் வந்து கலவை இயந்திரத்தை எடுத்துச் சென்றது. இவர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஜூலையில் மேஸ்திரி திரும்பி வந்து தளம் போட்டார். பிறகு கம்பி, சிமெண்ட் விலை ஏறிவிட்டது என்று தகராறு. இரண்டாம் அலைக்குப் பின், 2021 ஆகஸ்டில், மேஸ்திரி வேலையை விட்டுப் போய்விட்டார். அதுவரை கொடுத்தது 14,50,000 ரூபாய். வேறொருவரை வைத்து முடித்ததில் இன்னும் 6,10,000 ரூபாய் செலவு.

இப்போது மேஸ்திரியிடமிருந்து 3,85,000 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. விலை ஏற்றத்துக்கு 2,10,000, தளம் போட முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் பலகை வாடகைக்கு 65,000, முடக்கக் காலத்தில் கொட்டகையில் இருந்த ஆட்களின் கூலிக்கு 48,000, பாக்கி 62,000. இவர் கேட்பது நான்கு: மேஸ்திரிமீது நான் வழக்குப் போடலாமா? அந்தப் போலீஸ் வழக்கால் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகக் கடவுச்சீட்டு கிடைக்காமல் போகுமா? ஆட்களின் கூலிக்கு நான் பொறுப்பா? அடுத்து மாடி கட்டப்போகிறேன். இன்னொரு முறை இப்படி ஒரு நோய் வந்தால் என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிடச் செய்த வரி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான். "2023-ல் அவர் பணம் கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஏதோ பதில் போட்டேன்" என்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் செய்தியைத் தேடி எடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

செய்த வேலைக்குப் பணம் கேட்கவும், ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்கவும் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டுகள். பெருந்தொற்றால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் தகராறு 2021 ஆகஸ்டில் முற்றியது. ஆகவே மூன்று ஆண்டுகள் 2022 மார்ச் 1 முதல் ஓடத் தொடங்கி, 2025 பிப்ரவரி இறுதியோடு முடிந்துவிட்டன. மேஸ்திரியின் நோட்டீஸ் அதற்குப் பிறகு வந்திருக்கிறது. நோட்டீஸ் அனுப்புவதால் காலாவதியான உரிமை உயிர்பெற்று எழாது.

ஆனால் அந்தக் காலம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு நீங்கள் எழுத்தில் ஏதேனும் தந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். "கொஞ்சம் பொறுங்கள், பாக்கியைத் தந்துவிடுகிறேன்" என்று தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால், அது கையொப்பமிட்ட ஒப்புதலுக்குச் சமம் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றங்கள் இன்று எளிதில் ஒதுக்குவதில்லை. குரல் செய்தியாக இருந்தால் உங்கள் நிலை வலுவானது. "உங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை" என்று எழுதியிருந்தால் கவலையே இல்லை. எதுவானாலும் அழித்துவிடாதீர்கள், அவருடைய கைபேசியில் அது இருக்கும். இன்னொன்று: காலம் கடந்த கடனைக்கூடத் தருகிறேன் என்று இன்று எழுத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால், அது புதிய ஒப்பந்தமாகவே செல்லும். ஆகவே சமாதானமாக நாலு வார்த்தை எழுதலாமே என்று நல்ல மனத்தோடு நீங்களே பதில் எழுதிவிட வேண்டாம். பதில் நோட்டீசை உங்கள் வக்கீல் எழுதட்டும்.

அரசு நிறுத்தியது வேலையைத்தான்

நோட்டீசில் ஒரு வாதம் இருக்கிறது: பொதுமுடக்கத்தால் 2020 மார்ச் 24 அன்றே ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டது, அதன்பின் நடந்த வேலைக்குச் சந்தை விலை தரவேண்டும் என்று. இது நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, ஒரு செயல் செய்யவே இயலாததாகிவிட்டால்தான் ஒப்பந்தத்தை முடித்துவைக்கிறது. 1953-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு கல்கத்தா வழக்கு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. மனை வாங்க முன்பணம் கொடுத்திருந்த நேரத்தில், இரண்டாம் உலகப் போருக்காக அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தி வைத்துக்கொண்டது. விற்ற நிறுவனம் ஒப்பந்தம் முறிந்தது என்றது. போர் காரணமாக அந்த நிலத்தில் நிறுவனம் செய்யவேண்டிய வேலை தள்ளிப்போகும், ஆனால் ஒப்பந்தத்தின் அடித்தளம் அழியவில்லை என்றது நீதிமன்றம். விலை ஏறியது, செலவு கூடியது என்பதற்காக ஒப்பந்தம் முறியாது என்பதையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மின்சார வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதோடு, உங்கள் மேஸ்திரி ஜூலையில் திரும்பி வந்து, பழைய விலையிலேயே தவணை வாங்கித் தளம் போட்டிருக்கிறார். செல்லாது என்று நினைத்தவர் அப்படிச் செய்யமாட்டார். 2,10,000 ரூபாய் விலை ஏற்றக் கோரிக்கை, எழுத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ளாத வரை, பலவீனமானது.

இதே தராசில் உங்கள் எண்ணத்தையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 20-இலேயே அனுமதி வந்துவிட்டது, ஜூலை வரை வராதது மேஸ்திரியின் தவறு என்கிறீர்கள். அது சரியில்லை, ஐயா. ஏப்ரல் 15 தேதியிட்ட மத்திய உள்துறை உத்தரவு, நகராட்சி எல்லைகளுக்கு வெளியே கட்டட வேலையை ஏப்ரல் 20 முதல் அனுமதித்தது உண்மை. நகர எல்லைக்குள் என்றால், ஆட்கள் ஏற்கெனவே வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், வெளியிலிருந்து அழைத்து வரக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அதே உத்தரவு, மாநிலங்கள் விதிகளைத் தளர்த்தத்தான் கூடாது, கடுமையாக்கலாம் என்றும் சொன்னது. தமிழ்நாடு அரசு ஏப்ரல் 20 அன்றே, மே 3 வரை எந்தத் தளர்வும் இல்லை என்று அறிவித்துவிட்டது. தொலைக்காட்சியில் ஓடிய முதல் செய்தி உங்கள் காதில் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. அந்த நாட்களில் படித்த அதிகாரிகளே எந்த உத்தரவு எங்கே செல்லும் என்று தடுமாறினார்கள். உங்களைக் குறைசொல்லி எழுதவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் வேலூரும் ராணிப்பேட்டையும் சிவப்பு மண்டலங்கள். உங்கள் மேஸ்திரியின் கொத்தனார்கள் பலமநேர் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் இறுதியில் சைனகுண்டாவிலும் பொன்னை அருகிலும் ஆந்திர எல்லைச் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எதிர்ப்பு எழுந்ததும் அதை இடித்தார்கள். சுவர் போனாலும் சோதனைச் சாவடியும் அனுமதிச் சீட்டும் இருந்தன. அந்த ஆட்கள் இல்லாமல் அவர் மே மாதம் வந்து என்ன செய்திருக்க முடியும்? மார்ச் இறுதி முதல் ஜூன் வரையிலான தாமதத்தை எந்த நீதிமன்றமும் அவர்மேல் ஏற்றாது. 2021 ஆகஸ்டில் பாதியில் விட்டுப் போனதுதான் அவர் செய்த மீறல். அதற்கான உங்கள் இழப்பு, ஒப்பந்தத் தொகையான 18,70,000 ரூபாயைத் தாண்டி நீங்கள் செலவழித்த 1,90,000. வீட்டுக்கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிவைத்ததால் ஏறிய வட்டியை இதில் சேர்க்க முடியாது. அது நீங்கள் வங்கியோடு எடுத்த முடிவு. அந்த ஆறு மாதங்களில் வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்று பின்னர் முடிவானது. அந்த வித்தியாசம் 2020 நவம்பர் வாக்கில் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று வங்கிப் பதிவில் பாருங்கள்.

அந்த 1,90,000-க்கு இப்போது நீங்கள் தனியாக வழக்குத் தொடுத்தால், மேலே சொன்ன அதே காலக்கெடு உங்களையும் தடுக்கும். நுகர்வோர் ஆணையத்தில் இன்னும் குறைவு, இரண்டே ஆண்டுகள். தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம், ஆனால் மூன்று வருடம் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை. அவராக வழக்குப் போட்டால், அதே ஒப்பந்தத்தில் எழுந்த இழப்பு என்று எதிர்வாதத்தில் அதை எடுத்துவைக்க இடமிருக்கிறது. அதற்காகவே இரண்டாவது மேஸ்திரிக்குக் கொடுத்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சென்ட்ரிங் வாடகையைப் பொறுத்தவரை, பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்தில் அது அவர் செலவு.

போலீஸ் வழக்கும் கடவுச்சீட்டும்

இதில் உங்கள் பயம் உண்மையைவிடப் பெரிது. அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறியது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. அதில் நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்க, அந்த உத்தரவைப் பிறப்பித்த அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து இதை நடத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே விரிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அது போக, முடக்க விதிகளை மீறியதாகப் பதிவான சுமார் பத்து லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ், காவலரைத் தடுத்தது போன்றவை மட்டுமே விலக்கு. உங்கள் வழக்கு அந்த விலக்கில் வருவதாகத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களிடம் இல்லை. 188 மட்டும்தானா, நோய் பரப்பக்கூடிய செயல் பற்றிய 269, 270 பிரிவுகளும், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் நகல் கேளுங்கள். குடியாத்தம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் அந்த எண்ணில் ஏதேனும் கோப்புக்கு எடுக்கப்பட்டதா என்று மனுப்போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கைவிடப்பட்டது என்ற தாள் கையில் வந்தால் முடிந்தது. வராமல் இழுத்தடித்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு இருக்கிறது.

கடவுச்சீட்டு மறுப்புக்குச் சட்டம் சொல்லும் காரணம், குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருப்பது. நீதிமன்றம் கையிலெடுக்காத முதல் தகவல் அறிக்கை அந்த வகையில் வராது. ஆனாலும் விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். காவல் விசாரணைக்கு வருபவரிடம் நீதிமன்றத் தாளைக் காட்டுங்கள். வழக்கைவிட, மறைத்தார் என்ற குறிப்புதான் பின்னாளில் தொல்லை தரும்.

கொட்டகையில் இருந்தவர்கள்

இதை நீங்கள் மூன்றாவது கேள்வியாக வைத்தீர்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி. கணவன், சித்தாளாக வந்த மனைவி, கணவனின் தம்பி. எல்லை மூடியதால் ஊர் போக முடியாமல், உங்கள் மனையில் தகரக் கொட்டகையில் நாற்பது நாட்களுக்கு மேல் இருந்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே பகல் எப்படி இருந்திருக்கும் என்று குடியாத்தத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய உதவி. கூலி யாரும் கொடுக்கவில்லை.

2020 மார்ச் 29 அன்று உள்துறை ஓர் உத்தரவு போட்டது: முடக்கக் காலத்துக்கும் தொழிலாளருக்குப் பிடித்தமின்றிக் கூலி தரவேண்டும் என்று. அது மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட நாட்களுக்கான கூலியைப் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் அந்த ஜூன் மாதம் சொன்னது. அந்த உத்தரவின்படி கூலி தரவேண்டியவர் அவர்களை வேலைக்கு வைத்தவர், அதாவது மேஸ்திரி. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996, ஒப்பந்ததாரர் கொடுக்காத கூலியை வேலை கொடுத்த உரிமையாளர் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்றது. அது பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தானே என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரே ஒரு நாள் பத்துப் பேர் இருந்தாலும் போதும் என்பது அதன் வாசகம். அடித்தளக் கான்கிரீட் போட்ட அன்று உங்கள் மனையில் எத்தனை பேர் சட்டி சுமந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அன்று சொந்த வீட்டுக்கான விலக்கும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குத்தான் இருந்தது. உங்களுடையது அதைத் தாண்டியது.

இத்தனை ஆண்டு கழித்து இதற்காக உங்களை யாரும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நோட்டீசில் மேஸ்திரி கேட்கும் 48,000 ரூபாயை அவர்களுக்கு அவர் கொடுத்திருக்கிறாரா? கொடுத்ததற்கு என்ன சான்று என்று பதில் நோட்டீசில் கட்டாயம் கேளுங்கள். கொடுக்காத கூலியைத் தன் பெயரில் வசூலிக்க அவருக்கு உரிமையில்லை. அந்தப் பெண்ணின் கைபேசி எண் இன்னும் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் இருந்தால், பதில் நோட்டீஸ் போன பிறகு, உங்களால் இயன்றதை அவர்கள் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்துங்கள். மேஸ்திரியின் கோரிக்கையை ஒப்புக்கொள்ளாமல் தரப்படுவது என்று ஒரு தாளில் வக்கீலை எழுதச் சொல்லி அவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் உங்களை இதற்குக் கட்டாயப்படுத்தும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் அங்கே காத்திருந்தது உங்கள் வீட்டுக்காக.

மாடி கட்டும்போது

2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பழைய 188 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. தண்டனை கூடியிருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், மீறலால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய். அதிகாரியின் எழுத்துப் புகார் வேண்டும் என்பது புதிய நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. இன்னொரு முறை ஊர் மூடப்பட்டால் செய்திச் சேனலை நம்பாதீர்கள். மத்திய உத்தரவு, மாநில அரசாணை, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு மூன்றையும் பார்த்து, எது கடுமையோ அதையே விதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். அனுமதி உண்டு என்றால் அந்த உத்தரவின் நகல் மனையில் இருக்கட்டும். பெருந்தொற்று இல்லாத நாளிலும் ஒன்று: கான்கிரீட் இறுக ஊற்றும் க்யூரிங் தண்ணீர் தளத்தில் நாள்கணக்கில் தேங்கி, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால், உள்ளாட்சி ஊழியர் வந்து அபராதம் போடுவார்கள். அதுவும் கட்டட உரிமையாளரின் பொறுப்பு.

புதிய ஒப்பந்தத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அரசு உத்தரவால் வேலை நின்றால் நின்ற நாட்கள் அளவுக்குக் கெடு நீளும், அதற்காக இருவரும் இழப்பீடு கேட்கக்கூடாது. கையெழுத்திடும் நாளின் கம்பி, சிமெண்ட் விலை தாளில் இருக்கட்டும். அதற்கு மேல் எத்தனை சதவீதம் ஏறினால் யார் எவ்வளவு ஏற்பது என்று முன்பே பேசி எண்ணாகவே எழுதுங்கள். "பார்த்துச் செய்யலாம்" என்ற வார்த்தைதான் உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. வேலை நின்ற மூன்று நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து முடிந்த வேலையை அளந்து, கிடக்கும் பொருளை எண்ணி, படம் எடுத்துக் கையொப்பமிட வேண்டும். சென்ட்ரிங் அடித்த நிலையில் நின்றால் வாடகை யாருக்கு என்பது தனி வரியாக வரட்டும். மனையில் தங்கும் ஆட்களுக்குக் கூரை, குடிநீர், கழிப்பறை, வேலை நின்ற நாட்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற பிழைப்புத் தொகை, அதை யார் எந்தக் கிழமை கொடுப்பது என்பதும் அதே தாளில் வேண்டும்.

மேஸ்திரியோடு நேரில் பேசித் தீர்க்க விரும்பினால், வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அங்கே போவதற்கு முன் 2023 வாட்ஸ்அப் செய்தியையும் ஜனவரி 2020 முத்திரைத்தாளையும் உங்கள் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். 62,000 ரூபாய் பாக்கி உண்மையா என்பது மட்டும் அந்த இரண்டையும் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது.